பிள்ளைக்கு எந்தக் கடல் மீன் வாங்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளி விடுமுறை நெருங்கினால் மீன் தொட்டி பற்றிய கடிதங்கள் கூடிவிடும். இம்முறை பாதிக்கு மேல் கடல் மீன் தொட்டி பற்றியவை, அவற்றிலும் பெரும்பாலானவை திருநெல்வேலிச் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்தவை. வெயில், உப்பு, ஆற்றுத் தண்ணீர் என்று கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போவதால் சேர்த்தே பதில் சொல்கிறோம்.

எங்க மவளுக்கு எட்டு வயசு. தூத்துக்குடியில ஒரு கடையில ஆரஞ்சும் வெள்ளையுமா நீமோ மீனைப் பாத்துட்டு வந்ததுல இருந்து வாங்கித் தாங்கன்னு ஒத்தக் கால்ல நிக்கா. கூடவே நீலக் கலர் மீன் ஒண்ணும் கடல் குதிரை ஒண்ணும் வேணுமாம். ஹாலில் மூணடித் தொட்டி வைக்க இடம் இருக்கு. எதை வாங்கலாம், எத்தனை வாங்கலாம்?
வாசகி, பாளையங்கோட்டை

மகள் கேட்ட மூன்றில் ஒன்றுக்குத் தாராளமாகச் சரி சொல்லலாம். மற்ற இரண்டையும் இப்போதே மறுத்துவிடுங்கள்.

கடல் குதிரையை வீட்டில் வைப்பதே குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் 2001 முதல் அது இருக்கிறது. யாராவது ரகசியமாகக் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்த நீல மீன் ஹெப்பாட்டஸ் டாங். கடையில் விரல் நீளத்தில் இருப்பது முழு வளர்ச்சியில் 30 சென்டிமீட்டரைத் தொடும். நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும் மீன் என்பதால் ஆறடித் தொட்டி வேண்டும். வெள்ளைப்புள்ளி நோய் மற்ற மீன்களுக்கு முன்னால் அதைத்தான் பிடிக்கும். மூன்றடித் தொட்டியில் அது வளர்வது வீட்டு முற்றத்தில் குதிரை வளர்ப்பதற்குச் சமம்.

கடைகளில் நீமோ என்று விற்கிற ஒசெல்லாரிஸ் கிளவுன் மீனைத்தான் நாங்களும் சொல்வோம். அழகு இரண்டாம் பட்சம். அது தொட்டியிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இனம். மத்திய கடல்சார் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையத்தில் கிளவுன் மீன் இனப்பெருக்க முறையை உருவாக்கிப் பலருக்கும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த குஞ்சு பெல்லட் என்கிற மணித் தீனி தின்றே வளர்ந்திருக்கும், கண்ணாடிக்கும் ஆள் நடமாட்டத்துக்கும் மிரளாது. கடலில் பிடித்த மீனிடம் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. பெண் மீனே எட்டு ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் பெரும்பாலும் போகாது. இன்னொரு வசதி, அது தொட்டியில் ஒரு மூலையைத் தன் வீடாக்கிக்கொண்டு அங்கேயே அசைந்தாடிக்கொண்டிருக்கும். எட்டு வயதுப் பிள்ளை எந்த நேரம் வந்து பார்த்தாலும் மீன் கண்ணுக்குத் தெரியும். பாறை இடுக்கில் ஒளிந்துகொள்ளும் மீனை வாங்கினால் ஒரு வாரத்தில் பிள்ளைக்கு ஆர்வம் போய்விடும். நல்லபடி வைத்திருந்தால் பத்தாண்டுகளுக்கு மேல் வாழும் மீன் இது என்பதையும் வீட்டில் பேசி முடிவெடுங்கள். மகள் கல்லூரிக்குப் போன பிறகு தண்ணீர் மாற்றப்போவது நீங்கள்தான்.

எத்தனை என்பதற்குக் கணக்கு: நீள, அகல, உயரத்தை அங்குலத்தில் பெருக்கி 61 ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 36க்கு 15க்கு 18 அங்குலத் தொட்டி சுமார் 160 லிட்டர். மணலும் பாறையும் மேல் இடைவெளியும் போக உண்மையில் நிற்பது 130 லிட்டர் தண்ணீர். இதில் கிளவுன் இரண்டு, ஃபயர் ஃபிஷ் ஒன்று அல்லது வாட்ச்மேன் என்கிற உழுவை வகை மீன் ஒன்று. நாலைந்து மாதம் கழித்து கிளீனர் இறால் ஒன்று, சின்னத் துறவி நண்டு இரண்டு மூன்று. இவ்வளவுதான். கோல்டு ஃபிஷ் தொட்டியில் எட்டுப் பத்து மீன் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது காலியாகத் தெரியும், பரவாயில்லை.

விடும் வரிசை முக்கியம். சாதுவான ஃபயர் ஃபிஷ்ஷையோ வாட்ச்மேனையோ முதலில் விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துக் கிளவுனை விடுங்கள். மாற்றிச் செய்தால் கிளவுன் ஏற்கெனவே இடம் பிடித்துக்கொண்டு புதிதாக வருவதை விரட்டும். ஃபயர் ஃபிஷ் மிரண்டால் துள்ளி வெளியே விழுந்துவிடும், தொட்டிக்கு மேலே நைலான் வலை மூடி கட்டாயம். கண்ணாடி மூடி வேண்டாம், காரணத்தை வள்ளியூர் வாசகருக்கான பதிலில் சொல்லியிருக்கிறோம்.

கடைக்காரர் "தொட்டியைப் பழக்க" என்று மலிவாக நீல டாம்செல் இரண்டைக் கையில் திணிக்கப் பார்ப்பார். அந்த மீன் எதையும் தாங்கும் என்பது உண்மை. அதே முரட்டுத்தனத்தோடு பின்னால் வரும் கிளவுனின் துடுப்பையும் கிழிக்கும். அதைப் பிடித்து வெளியேற்ற பாறை முழுவதையும் கலைக்க வேண்டியிருக்கும். பச்சை குரோமிஸ் பார்க்க அமைதி, ஆறு வாங்கினால் ஒன்றையொன்று கடித்துக் கடைசியில் ஒன்றிரண்டுதான் மிஞ்சும்.

தரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர், மணல், பாறை, கண்ணாடி எல்லாம் சேர்த்து 200 கிலோவை நெருங்கும். சுவரை ஒட்டி, வெயில் நேராக விழாத இடத்தில், மர ஸ்டாண்டின் மேல் வையுங்கள். இரும்பு ஸ்டாண்டை உப்புத் தண்ணீர் சும்மா விடாது.

தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பு எங்களுக்கு மூட்டைக் கணக்கில் கிடைக்கும். கடையில் விற்கும் மீன் தொட்டி உப்பு யானை விலை சொல்கிறார்கள். கல்லுப்பைக் கரைத்தால் ஆகாதா? இல்லையென்றால் திருச்செந்தூரிலிருந்து கடல் தண்ணீரே கொண்டுவந்துவிடலாமா?
வாசகர், ஸ்ரீவைகுண்டம்

கல்லுப்பு ஆகாது. அதுவும் கடலில் இருந்து வந்ததுதானே என்று கேட்பீர்கள். உப்பளத்தில் நடப்பதைக் கவனித்தால் விடை கிடைக்கும். கடல் நீர் பாத்தியில் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் படிந்துவிடுகின்றன. அதன் பிறகுதான் உப்பு விளைகிறது. மக்னீசியம் எல்லாம் கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு வெளியே போய்விடுகிறது. நல்ல உப்பு என்றாலே அது போனதுதான். சமையலுக்கு அது சரி. மீனுக்கு லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவில் கால்சியமும், 1,300 மில்லிகிராம் அளவில் மக்னீசியமும், தண்ணீரின் காரத்தன்மையைப் பிடித்து நிறுத்தும் கார்பனேட்டும் வேண்டும். கல்லுப்புக் கரைசலில் உப்பு அளவுமானி சரியான எண்ணைக் காட்டும், ஆனால் தண்ணீரின் அமில, கார அளவைச் சொல்லும் பிஹெச் எண் 8.1க்கும் 8.4க்கும் இடையில் நிற்காது. அயோடின் சேர்த்த தூள் உப்பு இன்னும் மோசம்.

மீன் தொட்டிக்கான உப்பு லிட்டருக்கு 36 கிராம் கணக்கு. முதல் நிரப்புதலுக்கு 130 லிட்டருக்கு நாலே முக்கால் கிலோ. அதன் பிறகு வாரம் 13 லிட்டர் மாற்றினால் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தனி வாளியில் தண்ணீரை எடுத்து, சின்ன பம்ப்பை ஓடவிட்டு, அதில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி ஒரு நாள் முழுக்கக் கலங்கவிடுங்கள். உப்பை முதலில் போட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் அடியில் வெள்ளையாகப் படிந்து கரையாமலே கிடக்கும், அந்தக் கால்சியம் வீண். அடர்த்தி, நல்ல தண்ணீரை 1 என்று வைத்தால், 1.024 முதல் 1.026 வரை. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே எண் மாறிவிடும். ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், மாதம் ஒருமுறை ஆயிரத்தில் 35 பங்கு உப்புள்ள சோதனைத் திரவத்தால் சரிபாருங்கள்.

உப்பைக் கரைக்கும் தண்ணீர்தான் அடுத்த தலைவலி. தாமிரவருணிக் குழாய்த் தண்ணீர் மென்மையானது, ஆனால் குளோரின் கலந்து வருகிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், அதிலும் உங்கள் பக்கம் கடலோரமாகப் போகப் போக, கனமும் உப்பும் கூடியது. ஆர்.ஓ. தண்ணீர்தான் நல்லது. வீட்டு ஆர்.ஓ. எந்திரங்களில் சுவைக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையே கலந்துவிடும் அமைப்பு உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளைக் காட்டும் டிடிஎஸ் பேனாவால் அளந்து பாருங்கள். 20க்குக் கீழே இருந்தால் நல்லது. 60, 80 என்று காட்டினால் அந்தக் கலப்புத் திருகை மூடச் சொல்லிக் கேளுங்கள். கேன் தண்ணீரில் தாது சேர்ப்பார்கள், அதையும் அளக்காமல் ஊற்ற வேண்டாம்.

கடல் தண்ணீர் கொண்டுவரலாம், சட்டச் சிக்கல் கிடையாது, மீனுக்கும் உகந்தது. ஆனால் தாமிரவருணி கலக்கும் புன்னைக்காயல் பக்கமும், துறைமுகம், ஆலைகள், சாக்கடை வாய் அருகிலும் எடுக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றுத் தண்ணீர் கடலில் இறங்கி உப்பு குறைந்து கலங்கியிருக்கும், அப்போதும் வேண்டாம். கொண்டுவந்ததை அன்றைக்கே ஊற்றக் கூடாது. உணவுப் பொருளுக்கான பிளாஸ்டிக் டிரம்மில் வெளிச்சம் படாமல் இரண்டு வாரம் மூடி வைத்தால் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் செத்துப் படியும், மீன் கிடைக்காத ஒட்டுண்ணிகளில் பெரும்பாலானவையும் பட்டினியில் சாகும். பிறகு மேல் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, ஒரு நாள் காற்று விட்டு, அடர்த்தி பார்த்துச் சேருங்கள். ஒருமுறை செய்யலாம். வாராவாரம் கேன் தூக்குகிற வேலையைக் குடும்பத்தில் யார் செய்வது என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தொட்டி வைத்து நாலாம் நாள் இரண்டு கிளவுன் விட்டோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. ஆறு நாளில் இரண்டும் செத்துவிட்டன. கடைக்காரர் சீக்கு மீனைக் கொடுத்துவிட்டாரா?
வாசகர், தென்காசி

மீனில் குறை இருந்திருக்க வேண்டியதில்லை. தெளிவான தண்ணீரில்தான் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாமல் ஏறும். மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாகின்றன. அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் ஃபில்ட்டர் பஞ்சிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். நாலு நாளில் அவை இருந்திருக்காது. நன்னீர் மீனுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். கடல் தொட்டியில் பிஹெச் கூடுதல், நம் ஊர்த் தண்ணீர் வெதுவெதுப்பு. இரண்டும் சேரும்போது அதே அளவு அம்மோனியாவில் நஞ்சான பங்கு அதிகமாகிவிடும்.

இப்போது தொட்டியைக் கலைக்க வேண்டாம், மீன் இல்லாமலே ஓட்டுங்கள். ஒரு சின்ன இறால் துண்டை வலைப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். அம்மோனியா 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவைச் சேர்த்தால் கொஞ்சம் சீக்கிரம் நடக்கும், ஆனால் சோதனையைத் தள்ளிவைக்க அது காரணம் இல்லை. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றுக்கும் சொட்டுத் திரவ டெஸ்ட் கிட் வாங்கி மூன்று நாளுக்கு ஒருமுறை எழுதி வையுங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பின்னால் நைட்ரைட் ஏறி இறங்கும், நைட்ரேட் தலைகாட்டும். கடைசியில் மறுபடி 2 பிபிஎம் அம்மோனியா சேர்த்து 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தால் மீன் விடலாம். அதற்கு முன்னால் 20, 30 லிட்டர் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிடுங்கள். இந்த ஆறு வாரமும் பிள்ளை நச்சரிக்கும். அளந்த எண்ணை வரைபடத்தாளில் புள்ளி வைத்துக் கோடு போடச் சொல்லுங்கள், நைட்ரைட் இறங்க ஆரம்பித்ததும் அதுவே ஓடிவந்து சொல்லும்.

எங்கள் ஊரில் சித்திரை, வைகாசி வெயில் சொல்ல வேண்டியதில்லை. மின்தடையும் உண்டு. ஏசி இல்லாத வீட்டில் கடல் மீன் வைக்க முடியுமா? ஹீட்டர் வேண்டுமா?
வாசகர், வள்ளியூர்

ஹீட்டரை மறந்துவிடுங்கள். மார்கழி இரவிலும் வீட்டுக்குள் இருக்கும் தொட்டித் தண்ணீர் இங்கே 24 டிகிரிக்குக் கீழே போவது அரிது.

கிளவுனுக்கு 25 முதல் 28 டிகிரி சுகம். 30 வரை தாங்கும், 32ஐத் தொட்டால் ஆபத்து. சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும், மீனின் உடம்போ கூடுதலாகக் கேட்கும். மேல்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் இதுதான்.

மூடியை வலையாகப் போட்டு, கம்ப்யூட்டர் ஃபேன் அளவுள்ள சின்ன ஃபேன் ஒன்றைத் தண்ணீரின் மேல் சாய்வாக வீசவிடுங்கள். ஆவியாகும் நீர் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும், 2 முதல் 3 டிகிரி குறையும். உங்கள் பக்கத்து வறண்ட காற்றுக்கு இது நன்றாக வேலை செய்யும். கடலோரப் புழுக்கத்தில் இந்த அளவுக்குக் கிடைக்காது. கண்ணாடி மூடி போட்டால் ஆவியும் போகாது, சூடும் போகாது. விளக்கை மாலை ஐந்து மணிக்கு மேல் எரியவிடுங்கள். பம்ப்புகளில் குறைந்த வாட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், அவற்றின் சூடு முழுக்கத் தண்ணீரில்தான் இறங்குகிறது. இவ்வளவும் செய்து பகலில் 31க்கு மேல் நிற்கிறதென்றால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் எந்திரம் வாங்கும் வசதி இருந்தால் மட்டும் கடல் தொட்டியைத் தொடருங்கள்.

ஐஸ் பாட்டில் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு லிட்டர் உறைந்த பாட்டில் 130 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரிகூடக் குறைக்காது. ஆபத்துக்கு இரண்டு பாட்டிலை மாற்றி மாற்றி மிதக்கவிடலாம். தினசரி வழக்கமாக்கினால் வெப்பம் ஏறி இறங்கி மீன் சோர்ந்து நோயில் விழும். ஐஸ் கட்டியை நேராகப் போடுவது கூடவே கூடாது.

ஃபேன் ஓடும் வெயில் காலத்தில் தினமும் இரண்டு மூன்று லிட்டர் வற்றலாம். போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். எனவே வற்றியதற்கு ஈடாக உப்புத் தண்ணீர் ஊற்றினால் நாளுக்கு நாள் உப்பு ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி, தினமும் அந்தக் கோடுவரை வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மதியம் தாண்டி கரண்ட் நிறுத்தும் நாளை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் தண்ணீரை அலையாகத் தள்ளும் வேவ் மேக்கரையும் காற்று பம்ப்பையும் மட்டும் அதில் இணைத்தால் போதும், பத்துப் பதினைந்து வாட்டுக்குள் அடங்கும். இல்லாதவர்கள் பவர் பேங்கில் ஓடும் சின்னக் காற்று பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். மூடிய கேனிஸ்டர் ஃபில்ட்டர் நாலைந்து மணி நேரம் நின்றிருந்தால் உள்ளே தண்ணீர் கெட்டிருக்கும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாமல், அந்தத் தண்ணீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு இயக்குங்கள்.

மாமா, நான் ஆறாம் வகுப்பு படிக்கிறேன். ரெண்டு கிளவுன் வாங்கினால் எது ஆண் எது பெண்ணுன்னு எப்படித் தெரியும்? குட்டி போடுமா? அது எங்க ஊர் ஆத்துத் தண்ணியில வளருமா?
மாணவன், அம்பாசமுத்திரம்

தம்பி, சின்னதில் எதுவுமே பெண் கிடையாது. இரண்டு குஞ்சை ஒன்றாக விட்டால் எது பெரிதாகி மற்றதை அடக்குகிறதோ அது பெண்ணாக மாறும், மற்றது ஆணாகும். பெண் இறந்துபோனால் ஆண் பெண்ணாகிவிடும். அதனால் கடையில் ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் சின்னதாகப் பார்த்து வாங்கச் சொல். மூன்று கேட்காதே, இரண்டு ஜோடி சேர்ந்துகொண்டு மூன்றாவதை ஓட ஓட விரட்டும். சின்ன மீன் பெரியதன் முன்னால் சாய்ந்து நடுங்கினால் பயப்படாதே, "நீதான் பெரிய ஆள்" என்று ஒப்புக்கொள்கிறது.

குட்டி போடாது, பாறையில் முட்டை ஒட்டும். அப்பா மீன்தான் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். ஒரு வாரத்தில், இருட்டிய பிறகு பொரிக்கும். அந்தக் குஞ்சுக்கு ரோட்டிபர் என்கிற மிக நுண்ணிய உயிருள்ள தீனி வேண்டும், உங்கள் தொட்டியில் தானாகப் பிழைக்காது.

ஆற்றுத் தண்ணீரில் வளராது. கடல் மீன் உப்புத் தண்ணீரைக் குடித்து, அதிக உப்பைச் செவுள் வழியே வெளியே தள்ளுகிறது. ஆற்றில் விட்டால் தண்ணீர் அதன் உடம்புக்குள் புகுந்துகொண்டே இருக்கும், உப்பு கரைந்து வெளியே போகும், செத்துவிடும். ஆற்றில் எந்த வளர்ப்பு மீனையும் விடக் கூடாது என்பதையும் நினைவில் வை.

கடலுக்குப் போகிறவர்கள் வலையில் சின்னச் சின்ன வண்ண மீன்கள் உயிரோடு வரும். பாறைக் குட்டைகளிலும் வரி போட்ட குஞ்சுகள் கிடைக்கும். காசு கொடுத்து வாங்காமல் அதையே வளர்த்தால் என்ன?
வாசகர், உவரி

வலையில் வந்த மீன் உராய்ந்து உராய்ந்து மேல் வழவழப்பை இழந்திருக்கும். அதுதான் அதற்குத் தோல் மருந்து. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்ததில் காற்றுப்பை வீங்கியிருக்கும். இரண்டு நாள் நீந்தும், மூன்றாம் நாள் பஞ்சு படர்ந்தது போல் ஆகும். பாறைக் குட்டையில் கிடைக்கும் வரிக்குஞ்சு பெரும்பாலும் சார்ஜென்ட் மேஜர். பிழைத்துக்கொள்ளும். ஆனால் 15 சென்டிமீட்டருக்கு வளர்ந்து தொட்டி முழுவதையும் ஆளும்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சில மீன்களைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறோம். கூட்டமாக உருண்டு திரியும் வரிக் கெளுத்திக் குஞ்சுகள் பார்க்க அழகு, முதுகிலும் பக்கத்திலும் இருக்கும் முள் விஷம். லயன் ஃபிஷ்ஷும் அப்படித்தான். குத்திவிட்டால் கை பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், அரை மணிக்கு மேல் முக்கி வைத்து உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பேத்தை மீன் பிள்ளையின் விரலைத் தீனி என்று நினைத்துக் கடிக்கும், அதன் உடம்பில் இருக்கும் நஞ்சு தின்றவரைக் கொல்லும். கிளாத்தி வகைகளின் பல்லைப் பார்த்தவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

மன்னார் வளைகுடாவிலேயே செபே என்கிற கிளவுன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒசெல்லாரிஸைவிடப் பெரிதாக வளரும், முரடும் கூட. தொட்டியில் பிறந்த குஞ்சாகக் கிடைத்து, தொட்டி நாலடி இருந்தால் யோசிக்கலாம்.

கடையில் எதைப் பார்த்து மீன் வாங்குவது? வாங்கிய மீனில் உப்புத்தூள் ஒட்டியது மாதிரி வெள்ளைப் புள்ளி வந்து, ஐந்தாம் நாள் தானாகப் போய்விட்டது. குணமாகிவிட்டதா?
வாசகி, மேலப்பாளையம்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில், ஏனென்றால் நாள் நெருக்கடி. குணமாகவில்லை. அந்த ஒட்டுண்ணி மீனில் சில நாள் தின்றுவிட்டு, தானே உதிர்ந்து மணலில் கூடு கட்டி, ஒன்று நூறாகப் பெருகித் திரும்பி வரும். அடுத்த சுற்றில் செவுளை அடைக்கும். மீன்கள் எல்லாவற்றையும் தனித் தொட்டிக்கு மாற்றி, செம்பு மருந்தைச் சீட்டில் சொன்ன அளவில், செம்பு டெஸ்ட் கிட்டால் அளந்து அளந்து கொடுங்கள். பெரிய தொட்டியில் அந்த மருந்தை ஊற்றக் கூடாது. இறாலும் நண்டும் சாகும், பாறை மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். பெரிய தொட்டியில் ஒரு மீன்கூட இல்லாமல் இரண்டரை மாதம் ஓடவிட்டால் அங்கே இருப்பவை பட்டினியில் சாகும். நன்னீர்த் தொட்டிக்காரர்கள் சொல்லும் உப்பு வைத்தியம் இங்கே பலிக்காது, இந்த ஒட்டுண்ணி உப்பிலேயே பிறந்தது.

கடையில் முதல் வேலை, உங்கள் கண் முன்னால் தீனி போடச் சொல்வது. பெல்லட்டைப் பாய்ந்து தின்னாத மீனை வாங்காதீர்கள். வயிறு ஒட்டி, முதுகு மெலிந்து, ஒரு பக்கச் செவுள் மட்டும் துடித்து, பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு இருந்தால் தள்ளிவையுங்கள். கிளவுனின் மேல் வெள்ளைச் சளி திட்டுத்திட்டாக உரிந்தால் அது சில நாளில் கொல்லும் தனி நோய், அந்தத் தொட்டியிலிருந்து எதையுமே வாங்காதீர்கள். தொட்டியில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்று கேளுங்கள். வெள்ளைப் பட்டை முறிந்தும் கோணலாகவும் இருப்பது பெரும்பாலும் தொட்டிக் குஞ்சுகளில், அது குறையல்ல. தென்கிழக்கு ஆசியக் கடல்களில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் வழக்கம் உண்டு. அப்படி வந்த மீன் நன்றாகத் தின்றுகொண்டே இருந்து சில வாரத்தில் சாகும்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, பையை 15 நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு மீனைப் பைத் தண்ணீரோடு சின்ன வாளியில் விட்டு, காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டு, தனித் தொட்டியின் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் இறக்குங்கள். மீனை மட்டும் கை படாமல் கிண்ணத்தால் எடுத்து விடுங்கள், கடைத் தண்ணீரைக் கீழே கொட்டுங்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் பல மணி நேரம் பையில் வந்த மீனுக்கு மட்டும் இந்த ஒரு மணி நேரம் வேண்டாம். பையைத் திறந்ததும் பிஹெச் ஏறி, உள்ளே தேங்கிய அம்மோனியா நஞ்சாகும். முன்பே கடைக்காரரிடம் அடர்த்தி கேட்டு, அதே அடர்த்தியில் தனித் தொட்டி தயார் செய்து சட்டென்று மாற்றுங்கள்.

எப்படி வந்த மீனானாலும் அந்தத் தனித் தொட்டிதான் முதல் நாலு வாரம் அதன் வீடு. 40 லிட்டர் பிளாஸ்டிக் டப், பெரிய தொட்டியில் முன்பே ஊறிய பஞ்சு ஃபில்ட்டர், ஒளிந்துகொள்ள இரண்டு துண்டு பிவிசி குழாய். இதற்குச் சோம்பல்பட்டவர்களின் கடிதங்கள்தான் எங்களுக்கு அதிகம் வருகின்றன.

கொசுவர்த்தி ஏற்றும் அறையில் தொட்டி வைக்கலாமா?
வாசகி, சேரன்மகாதேவி

கூடாது. சுருள், பிளக்கில் மாட்டும் திரவம், தெளிப்பான் எல்லாவற்றிலும் இருக்கும் பைரித்திராய்டு வகை மருந்து மீனுக்குக் கடும் நஞ்சு, இறாலுக்கு அதைவிட. காற்று பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் தள்ளும். தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணிப் புகையும் வேறு அறையில். சோப்பு, தேங்காய் எண்ணெய், சானிடைசர் பட்ட கையையும் தொட்டியில் விட வேண்டாம். கை விடும் முன் பிளக்கைப் பிடுங்குவதும், ஒயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் ஒயரைப் பிளக் மட்டத்துக்குக் கீழே தொங்கி ஏறும்படி விடுவதும், அந்த பிளக்குக்கு மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி போடுவதும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம்.

கிளவுனுக்குக் கடல் தாமரை வேண்டாமா? அழகுக்குப் பவளப் பாறை வைக்கலாமா?
வாசகர், கோவில்பட்டி

கடலில் கிளவுன் ஒண்டி வாழும் கடல் தாமரை என்கிற உயிரினம் இல்லாமலே அது தொட்டியில் நிம்மதியாக வாழும். ஒரு மண் சட்டித் துண்டையோ பம்ப்பின் ஓரத்தையோ தன் இடமாக்கிக்கொள்ளும். தாமரைக்குப் பலமான வெளிச்சமும் பல மாதம் பழகிய தண்ணீரும் வேண்டும். இடம் பிடிக்காமல் ஊர்ந்துபோய் பம்ப்பில் சிக்கிச் செத்தால் ஒரே இரவில் தொட்டி முழுவதும் நஞ்சாகிவிடும்.

பவளப் பாறையைத் தொடவே வேண்டாம். கல்போன்ற பவள இனங்கள் எல்லாம் கடல் குதிரையைப் போலவே அதே சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த துண்டும் இதில் அடக்கம். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடிவரை 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா நம் பக்கத்திலேயே இருக்கிறது, கண்காணிப்பும் உண்டு. மீன் தொட்டிக்கென்று செய்த செராமிக் பாறை 10, 12 கிலோவும், பாக்கெட்டில் வரும் அரகோனைட் என்கிற சுண்ணாம்பு மணல் ஓர் அங்குல உயரத்துக்கு 13 கிலோவும் போதும். ஆற்று மணலும் கடற்கரை மணலும் வேண்டாம்.

குலசை தசராவுக்கு ஐந்து நாள் சொந்தக்காரர் வீட்டில் தங்குவோம். மீனுக்குத் தீனி யார் போடுவது? பக்கத்து வீட்டு அத்தை போடுகிறேன் என்கிறார்.
வாசகி, திசையன்விளை

நன்றாகத் தின்று வளர்ந்த கிளவுன் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. அத்தை பாசத்தோடு ஒரு கைப்பிடி போட்டால்தான் ஆபத்து. மாத்திரை போட்டு வைக்கும் ஏழு நாள் டப்பா ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு வேளைக்கு இரண்டு மீனும் ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் பெல்லட், ஒரு மீனுக்கு ஐந்தாறு மணி என்ற கணக்கில் போட்டு, இரண்டாம் நாளும் நாலாம் நாளும் மட்டும் திறக்கச் சொல்லுங்கள். தீனி டின்னை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். சாதாரண நாட்களிலும் பிள்ளை இந்த டப்பாவிலிருந்தே போடட்டும், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

அத்தையிடம் முக்கியமாகக் கேட்க வேண்டியது தண்ணீர். ஐந்து பாட்டில் ஆர்.ஓ. தண்ணீர் நிரப்பி, "உப்பு இல்லாதது" என்று எழுதி ஒட்டி, தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். தினமும் டேப் கோடுவரை ஊற்றினால் போதும். கிளம்பும் முந்தின நாள் 13 லிட்டர் தண்ணீர் மாற்றி, ஃபில்ட்டர் பஞ்சை அலசிவிடுங்கள். புறப்படும் அன்று காலையில் எதையும் தொடாதீர்கள். அவசரத்தில் பம்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்ட மறந்து பஸ் ஏறியவர்கள் உண்டு.